சென்னைப் பட்டணத்துச் சாசனங்களும் தன்னாட்சியின் தொடக்கமும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

'தல சுயாட்சியின் தந்தை யார்?' என்ற வினாவிற்கு 'ரிப்பன் பிரபு, 1882' என்று விடை எழுதி ஒரு மதிப்பெண் பெறாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. விடை சரியே. ஆயினும் ஒரு தந்தை பிறப்பதற்கு முன் பாட்டன் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பாட்டனைத் தேடிப் போனால் நாம் லண்டனுக்கோ கல்கத்தாவுக்கோ செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் போதும். இன்னொரு பாட்டன் இதற்கு எதிர்த்திசையில், உத்திரமேரூரில் இருக்கிறார். அவர் இவரைவிட எழுநூறு ஆண்டு மூத்தவர். இருவரையும் பற்றி நான் படித்து அறிந்தவற்றை இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் கோட்டைக்குப் போவோம்.

1639-ஆம் ஆண்டு சென்னை என்றொரு நகரம் இல்லை. மதராசப்பட்டினம் என்று ஒரு சிறு கடற்கரை ஊர் இருந்தது. மீன் பிடிப்பவர்களின் குடிசைகளும் மணலும் அலையுமே அங்கே இருந்தன. தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர் ஏற்கனவே குடியேறியிருந்தனர். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வலுவாக அமர்ந்திருந்தனர். இவர்கள் இருவருக்கும் நடுவில் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியார் தேடிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு வேண்டியது துணி. இந்தக் கரையோரத்து நெசவாளர்களும் சாயம் தீட்டுவோரும் செய்த துணி வெளிநாடுகளில் பெருவிலைக்கு விற்றது. கும்பெனியின் ஊழியராகிய பிரான்சிஸ் டே இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்று கண்டு, இந்த இடத்தையே கேட்டு வாங்க முடிவு செய்தார்.

யாரிடம் கேட்பது? அன்றைய பேரரசர் விஜயநகர மரபின் கடைசி அரசர்களில் ஒருவரான வேங்கடராயர். அவர் சந்திரகிரியில் இருந்தார். விஜயநகரத்தின் பழைய பெருமை அப்போது பெயரளவில்தான் நின்றது. இந்தக் கடற்கரையைக் கையில் வைத்திருந்தவர் வந்தவாசியில் இருந்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்தார். இந்தச் சகோதரர்களே டேயுடன் பேசியவர்கள். துபாஷியாக நின்று இரு தரப்புக்கும் மொழிபெயர்த்தவர் பேரி திம்மப்பா என்பவர் என்று கூறுவர். நாயக்கர்களுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. டச்சுக்காரருக்கும் போர்த்துகீசியருக்கும் இடையில் மூன்றாவது ஒரு வணிகக் கூட்டம் வந்து உட்கார்ந்தால், முந்திய இருவரின் கொட்டமும் அடங்கும். துறைமுகத்தில் சுங்கம் வரும். பாரசீகக் குதிரைகளும் வரலாம். ஆகவே ஏமாந்துபோய் ஊரைக் கொடுத்தார்கள் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. அவரவர் கணக்கை அவரவர் போட்டுத்தான் கையெழுத்து நடந்தது.

1639 ஆகஸ்டு 22 அந்தச் சாசனத்தின் நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது. 'சென்னை நாள்' என்பது அதுதான். அதில் என்ன எழுதியிருந்தது என்பதையே நாம் கவனிக்க வேண்டும். கும்பெனியார் விரும்பும் அமைப்பில் ஒரு கோட்டை எழும்ப வேண்டும். அவர்கள் நாணயம் அடித்துக்கொள்ளலாம், அதற்கு வரி இல்லை. கோட்டையில் குடியேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஊரின் ஆட்சி அவர்கள் கையில் இருக்கும். அதன் பிறகு துறைமுகத்தின் சுங்கத்திலும் வருவாயிலும் சரிபாதி அவர்களுக்குக் கிடைக்கும்.

இரண்டு ஆண்டுகள்! இதை முதலில் படித்தபோது அச்சுப் பிழையோ என்று எண்ணினேன். வேறு நூலிலும் அப்படியே இருந்தது. இரண்டு ஆண்டு என்று எழுதிக் கொடுத்த ஆட்சி 1947 வரை, அதாவது 308 ஆண்டுகள் நீடித்தது. (இடையில் 1746 முதல் மூன்று ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்கள் நகரைப் பிடித்து வைத்திருந்ததைக் கழித்துக்கொள்ளலாம்.) வாடகைக்கு வருபவரிடம் ஒப்பந்தம் எழுதும்போது காலத்தை மட்டும் எழுதினால் போதாது, காலம் முடிந்தபின் என்ன நடக்கும் என்பதையும் எழுத வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். நாயக்கர் அதை எழுதவில்லை.

கோட்டைச் செலவு விஷயத்திலும் உடனே தகராறு வந்தது. நாயக்கர் தம் செலவில் கட்டித் தருவார் என்று கும்பெனியார் எண்ணியிருந்தனர். சாசனத்தின் சொற்களோ, முதலில் நாயக்கர் செலவு செய்வார், முடிந்தபின் ஆங்கிலேயர் அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்ற பொருளில் இருந்தன. 1640 பிப்ரவரியில் டேயும் அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் சிறு படையுடன் வந்து இறங்கியபோது நாயக்கரிடமிருந்து பணம் வரவில்லை. கடைசியில் கும்பெனியின் பணத்திலேயே மதில் எழுந்தது. ஒரே சாசனத்தை இரு தரப்பாரும் இருவிதமாகப் படித்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? புனித ஜார்ஜ் திருநாளாகிய ஏப்ரல் 23-இல் கோட்டையின் முதல் பகுதி முடிந்ததால் அந்தப் புனிதரின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது என்பர். ஊருக்கு நாயக்கர்களின் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னப்பட்டணம் என்று பெயர் வந்தது.

இப்பொழுது ஒரு வேடிக்கையான ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். அதே 1639-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், உலகின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹார்ட்ஃபோர்டு, விண்ட்சர், வெதர்ஸ்ஃபீல்டு என்ற மூன்று சிற்றூர்களின் ஆங்கிலக் குடியேறிகள் கூடித் தங்களுக்கு ஓர் ஆட்சி முறையை எழுதிக்கொண்டனர். ஒவ்வோர் ஊரிலிருந்தும் நான்கு பிரதிநிதிகள் பொது மன்றத்திற்கு வர வேண்டும். ஆளுநரையும் நடுவர்களையும் குடிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவரே தொடர்ந்து ஆளுநராக இருக்கக் கூடாது, இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைக்கு மேல் அவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஏட்டில் இங்கிலாந்து அரசரின் பெயரே வரவில்லை! அதற்கும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1620-இல், 'மேஃபிளவர்' என்ற கப்பலில் சென்ற பயணிகளில் 41 ஆண்கள், கரை இறங்குமுன்பே, நாமே கூடி நமக்கு வேண்டிய சட்டங்களை வகுத்துக்கொண்டு அவற்றுக்குக் கீழ்ப்படிவோம் என்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தனர்.

ஒரே நாடு, ஒரே காலம், ஒரே ஆங்கில மொழி. அங்கே எழுதியது வாழப்போகும் மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. இங்கே எழுதியது ஓர் ஆட்சியாளருக்கும் ஒரு வணிகக் கும்பெனிக்கும் இடையே நடந்த பேரம். மதராசப்பட்டினத்தில் வாழ்ந்த மீனவரையோ நெசவாளரையோ யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதற்காக அமெரிக்காவை வானளாவப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. கனெக்டிகட் ஏடு எழுதப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1637-இல் அங்கே இருந்த பீக்வாட் என்னும் பூர்வ குடிகள் போரில் கொன்று குவிக்கப்பட்டனர். அந்த மண்ணின் மக்கள் அந்த மன்றத்தில் இல்லை. பெண்களும் இல்லை. குடியேறியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட தன்னாட்சி அது.

நம் ஊருக்குத் திரும்புவோம். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கும்பெனி போகவில்லை, கேட்பாரும் இல்லை. ஏனெனில் கேட்க வேண்டியவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். 1645-இல் ஸ்ரீரங்கராயர் புதியதொரு சாசனம் தந்து, ஆட்சி செய்யும் உரிமையையும் நீதி வழங்கும் உரிமையையும் கும்பெனிக்கு உறுதி செய்தார். ஊருக்குத் தம் பெயரையே 'ஸ்ரீரங்கராயப்பட்டணம்' என்று இட்டார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கோல்கொண்டா சுல்தானின் படை வந்தது. கும்பெனியார் புதிய அதிகாரிகளிடம் போய்ப் பழைய உரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர். 1672-இல் கோல்கொண்டாவின் நவாபு நெக்நாம் கான், ஆண்டுக்கு 1200 வராகன் குத்தகை கட்டினால் போதும், தம் தரப்பு அதிகாரி யாரும் ஊருக்குள் வரமாட்டார் என்று எழுதிக் கொடுத்தார். 1687-இல் கோல்கொண்டாவும் வீழ்ந்து ஒளரங்கசீப்பின் ஆட்சி வந்தது. கும்பெனி அசையவில்லை. அரசர்கள் மாறுவர், குத்தகைதாரர் மாறுவதில்லை!

இந்த ஐம்பது ஆண்டுகளில் ஊரை உண்மையில் நடத்தியது யார் என்று பார்த்தால் நம் பழைய கிராம அதிகாரிகளே. சாவடியில் அதிகாரி அமர்ந்து சிறு வழக்குகளைத் தீர்த்தார். கணக்குப்பிள்ளை கணக்கு எழுதினார். பெத்த நாயக்கர் என்பவர் தம் தலையாரிகளுடன் ஊர்க்காவல் செய்தார். பெத்துநாயக்கன்பேட்டை என்ற பெயரில் அவர் நினைவு இன்றும் இருக்கிறது. வெள்ளையர் நகரத்தில் வாழ்ந்த கத்தோலிக்கர்களுக்கு 1642 முதல் கப்புச்சின் சபைத் துறவி எப்ரேம் தெ நெவேர் ஆன்ம குருவாக இருந்ததோடு, சிறுவர்களுக்குப் பள்ளியும் நடத்தினார். பள்ளிக்கூடத்தைக் கும்பெனி நினைப்பதற்கு முன்பே துறவி ஒருவர் தொடங்கிவிட்டதை நம் பள்ளி மலரில் குறிப்பிடாமல் விடுவது முறையன்று.

அடுத்து வருவதே இக்கட்டுரையின் முக்கியமான கட்டம். அது வரியில் தொடங்குகிறது.

நகரம் பெருகியது. மதிலைக் கட்டவும் பழுதுபார்க்கவும் பணம் தேவைப்பட்டது. மதில் உங்களைத்தானே காக்கிறது, நீங்களே கட்டுங்கள் என்று கும்பெனியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து எழுதினர். வீட்டுக்கு வீடு வரி விதிக்கப்பட்டது. 1686-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கறுப்பர் நகரத்து மக்கள் அதை எதிர்த்து நின்றனர். கடைகள் அடைக்கப்பட்டன, தானியம் விற்பதும் நின்றது. காந்தியடிகள் பிறப்பதற்கு நூற்றெண்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த கடையடைப்பு இது! கவர்னர் கிஃபர்டு, எதிர்ப்பை நடத்துகிறவர்களின் வீடுகளை இடித்து அவர்களை ஊரை விட்டே துரத்திவிடுவதாக மிரட்டினார். எதிர்ப்பு அடங்கியது. ஆனால் லண்டனில் இருந்த கும்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார். நாம் அதிகாரத்தால் ஆறு பென்னி கேட்டாலும் மக்கள் முனகுவர், அவர்களே தங்களுக்கு விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கும் மகிழ்வோடு தருவர் என்பது அவர் கருத்து. ஐந்து ஷில்லிங் என்றால் அறுபது பென்னி. அதாவது பத்து மடங்கு.

இந்தக் கணக்கிலிருந்துதான் சென்னை நகராண்மைக் கழகம் பிறந்தது. 1687 டிசம்பர் 30-ஆம் தேதியிட்ட பட்டயம் வந்து சேர்ந்து, 1688 செப்டம்பர் 29 அன்று, எலிஹு யேல் கவர்னராக இருந்தபோது, கழகம் தொடங்கப்பட்டது. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே பன்னிரண்டு ஆல்டர்மென், அதாவது நகர மூப்பர்கள். அவர்கள் யார் யார் என்று பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. கும்பெனியின் ஆங்கில ஊழியர் மூவர், பிரெஞ்சு வணிகர் ஒருவர், போர்த்துகீசியர் இருவர், வைர வாணிகம் செய்த யூதர் மூவர், மீதி மூவர் நம்மவர்: சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை. இவர்களுக்கும் கீழே அறுபது நகரத்தார் உறுப்பினர்கள். 'எல்லாச் சாதியாரும் சமயத்தாரும் கூடி அமர்ந்த மன்றம்' என்று பெருமையாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் எல்லாரும் வணிகர்கள், செல்வர்கள். மூப்பர்களின் பெயர்கள் பட்டயத்திலேயே எழுதி வந்தன. மேயரை ஆண்டுதோறும் அவர்கள் தேர்ந்துகொள்ளலாம் என்பதைத் தவிர, ஊர் மக்கள் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

பட்டயத்தில் ஆடம்பரத்திற்குக் குறைவில்லை. மூப்பர்கள் செந்நிற அங்கி அணியலாம். நகரத்தார் வெண்ணிறச் சீனப் பட்டு அணியலாம். மேயருக்கு முன்னால் பொன்முலாம் பூசிய வெள்ளித் தடிகள் இரண்டை ஏந்திச் செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் வீதியில் செல்லும்போது தலைக்கு மேல் குடை பிடிக்கப்படலாம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது! லண்டனில் உட்கார்ந்து எழுதியவர்கள் நம் நாட்டு வழக்கத்தை நன்றாகவே அறிந்திருந்தனர். குடை இல்லாமல் அரசு ஏது? சென்னைச் செப்டம்பர் வெயிலில் கம்பளி அங்கி அணிந்தவர்களுக்குக் குடை மிகவும் தேவைப்பட்டிருக்கும் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள்.

இந்தப் பட்டயத்தை அரசரின் முத்திரையுடன் கொடுப்பதா, கும்பெனியின் முத்திரையுடன் கொடுப்பதா என்று லண்டனில் ஒரு விவாதம் நடந்தது. கும்பெனி தன் முத்திரையே போதும் என்று வாதிட்டு வென்றது. காரணம் எளியது. அரசர் கொடுத்த மேயர் நாளைக்கு கவர்னரையே எதிர்த்துப் பேசுவார். கும்பெனி கொடுத்த மேயர் பேசமாட்டார். கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் இருந்தது அந்தத் தன்னாட்சி.

சரி, மன்றத்தின் கடமைகள் என்ன? வரி விதித்து ஒரு நகர மண்டபம், ஒரு சிறைச்சாலை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க ஒரு பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் கட்ட வேண்டும். மேயரும் மூப்பர்களும் வழக்குகளையும் விசாரிப்பர். வழக்கு மன்றம் நடந்தது. கட்டடங்களுக்கான வரியோ எளிதில் வசூலாகவில்லை. சைல்டு போட்ட கணக்கு இங்கேதான் தவறியது. மக்களே விதித்துக்கொண்ட வரி என்றால் மக்கள் தருவார்கள் என்றார் அவர். ஆனால் விதித்தவர்கள் மக்கள் அனுப்பியவர்கள் அல்லரே! செந்நிற அங்கியைப் பார்த்து மக்கள் ஏமாறவில்லை. மதிலுக்கு வரி தர மறுத்த அதே ஊர் மண்டபத்திற்கும் மறுத்தது.

இந்த இடத்தில் உத்திரமேரூர்ப் பாட்டனை அழைத்து வருவது பொருத்தம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக ஒரே நாளில் போய்வரக் கூடிய ஊர் அது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டினது, மற்றது 921-ஆம் ஆண்டினது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய சொல்லில் முப்பது வார்டுகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். இதுவே குடவோலை. அவ்வாறு வந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள்.

குடத்தையும் ஓலையையும் எல்லாப் பாடநூல்களும் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. யார் யார் உறவினர் என்பதையும் சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமன் என்று வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் வரக் கூடாது. 919-இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை என்று வைத்தவர்கள், இரண்டே ஆண்டுகளில் அதை 35 முதல் 70 வரை என்று மாற்றினர். விதி சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டு திருத்தியிருக்கிறார்கள்!

இதிலும் குறை இல்லாமல் இல்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். ஆகவே அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபையே அன்றி உழுபவர்களின் சபை அன்று. பெண்ணின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழுந்ததே இல்லை. அரசன் அனுப்பிய அதிகாரியும் உடன் இருந்தே அந்த விதிகள் செய்யப்பட்டன. ஆயினும் 1688-ஆம் ஆண்டுப் பட்டயத்தோடு ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பட்டயம் யார் குடை பிடிக்கலாம் என்று சொல்லியது. கல்வெட்டு யார் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லியது. நான் கல்வெட்டின் பக்கமே.

நம் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்களெல்லாம் கும்பெனியின் கைக்கு வந்தது வேறொரு சாசனத்தால். 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, தமக்குச் செய்த படை உதவிக்காகச் செங்கல்பட்டுச் சீமையையே ஜாகீராகக் கும்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே என்ன இருக்கிறது என்று அறிவதற்காகத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். அந்தக் கணக்குகளைப் பார்த்தால் ஒவ்வோர் ஊரும் ஒரு சிறு அரசு போலவே தெரிகிறது. களத்து மேட்டில் நெல்லை அளந்து சர்க்கார் பங்கைப் பிரிப்பதற்கு முன்பே ஏரிக்கு, கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு என்று பங்கு ஒதுக்கப்பட்டது. ஏரிக்கரையைச் செப்பனிட ஊரே திரண்டு வரும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். யாரும் பட்டயம் கொடுத்து வந்த தன்னாட்சி அல்ல இது. வருவாயில் சர்க்காரின் பங்கு பெருகப் பெருக, ஏரிக்குரிய பங்கு சுருங்கியது. பங்கு சுருங்கியபின் ஊர் ஏன் திரண்டு வரும்?

அதன்பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1882 மே 18-ஆம் நாள் ரிப்பன் பிரபு தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். (அவர் 1874-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பதை நம் சகோதரிகள் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.) நகரசபைகளும் வட்டக் கழகங்களும் மக்களுக்கு அரசியல் கல்வி தரும் பள்ளிகளாக வேண்டும், அரசு அதிகாரிகள் அல்லாதவர்கள் அவற்றில் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்றார். 1884-இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டங்கள் வந்தன. 1913-இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் வெண்ணிற மாளிகை இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. வாக்குரிமை மட்டும் வரி கட்டுவோர்க்கே இருந்தது. பெண்களுக்கு நெடுநாள் இல்லை. 1937-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மன் ஆனார்கள். 1956-இல் திருமதி தாரா செரியன் அவர்கள் முதல் பெண் மேயர் ஆனார்கள். ஹிக்கின்சனிலிருந்து தாரா செரியன் வரை வர 268 ஆண்டுகள் ஆயின.

தாம்பரம் அந்நாளில் ஒரு சிற்றூரே. 1931-இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் வளர்ந்தது. 1964-இல் நகராட்சி ஆயிற்று. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி உருவாயிற்று. உத்திரமேரூரில் முப்பது குடும்பு, நமக்கு எழுபது. 2022 மார்ச்சு 4 அன்று அதன் முதல் மேயராகத் திருமதி வசந்தகுமாரி கமலக்கண்ணன் அவர்கள் பதவியேற்றார்கள். அவர்கள் இருபது வயதுகளில் இருந்த இளம்பெண்.

பாராட்டத்தக்க செய்திதான். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 2016 அக்டோபரில் தமிழகத்தின் நகர்ப்புற மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரும் எந்த நகரிலும் இல்லை. தனி அலுவலர்களே எல்லாம் பார்த்தனர். வழக்கு, வார்டு வரையறை, பெருந்தொற்று என்று காரணங்கள் கூறப்பட்டன. 2015 வெள்ளத்தில் அடையாற்று நீர் மேற்குத் தாம்பரத்துக்குள் புகுந்த நினைவு நீங்குமுன்பே இந்த வெற்றிடம் வந்தது. மழைநீர்க் கால்வாய் எங்கே வேண்டும், எந்த ஏரியின் கலங்கல் அடைபட்டிருக்கிறது என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஆள் இல்லாத ஆண்டுகள் அவை. தேர்தல் முடிந்து ஒரு மாதத்தில், 2022 ஏப்ரலில், சொத்து வரி வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 விழுக்காட்டிலிருந்து மேல்நோக்கி உயர்த்தப்பட்டது. எங்கள் வீட்டில் தந்தையார் ரசீதைப் பார்த்து முனகியபோது எனக்கு ஜோசையா சைல்டின் நினைவே வந்தது. ஆறு பென்னியா, ஐந்து ஷில்லிங்கா என்று கேட்டேன். தந்தையார் விழித்தார். பிறகு நானே விளக்கிச் சொன்னதும், "வார்டு கவுன்சிலரிடம் போய்க் கேட்க வேண்டியதுதான்" என்றார். போய்க் கேட்டார்கள். வரி குறையவில்லை, தெருவிளக்கு எரிந்தது.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமங்களில் நடக்கும் கிராம சபையைப் போல, வார்டுக்குள்ளேயே மக்கள் கூடிப் பேசும் சபை இது. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே வந்து அமர்ந்து குறைகளைக் கேட்டார். வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் இதில் எழுந்து பேசலாம். கால் வேலி நிலம் வேண்டியதில்லை, செந்நிற அங்கியும் வேண்டியதில்லை.

1639-ஆம் ஆண்டுச் சாசனத்தில் இரண்டு ஆண்டு என்று எழுதி, முடிந்தபின் என்ன என்பதை விட்டுவிட்டார்கள் என்று முன்னே சொன்னேன். 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் அதை விடவில்லை. நகராட்சி மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை. அந்தக் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களுக்கு அந்த ஐந்து ஆண்டு 2027 மார்ச்சோடு நிறைவு பெறும்.